மூணாம் நாற்காலி

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா நடத்திய ஒலிப்பதிவு வகுப்பில் ஐந்து நாற்காலிகள் இருந்தன. ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தொன்பது. பிறவியிலேயே பார்வை கிடையாது. மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்த மாணவர் திருமேனிக்கு ஐம்பத்துமூன்று. அவர் பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்ய ஆரம்பித்தபோது ஆசிரியை பிறந்திருக்கவே இல்லை. சர்க்கரை வியாதி போன வருஷம் அவருடைய இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டது. கெத்தை மட்டும் விட்டுவைத்தது.

அன்று காலை அவர் கோபமாக வந்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி. மாறாத பிளக்-இன் எது?"

"என்ன மாறிட்டு அண்ணாச்சி?"

பிளக்-இன் என்பது ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சொருகிக்கொள்ளும் கருவி. குரலை அமுக்கி ஒழுங்குபடுத்த கம்ப்ரஸர், எதிரொலி சேர்க்க இன்னொன்று என்று பல உண்டு. திருமேனி பன்னிரண்டு வருஷமாக உயிராக வைத்திருந்த கம்ப்ரஸர் ஒரு பழைய இயந்திரத்தின் படத்தைத் திரையில் காட்டும். குமிழ்கள் பளபளவென்று இருக்கும். ஆனால் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதற்குள் நுழைந்தால், "பட்டன், பட்டன், பட்டன்" என்பதோடு சரி. எந்தப் பட்டன் என்று சொல்லாது.

மனுஷர் அசரவில்லை. தட்டுக்கு ஒரு பட்டனாகத் தாவும் டேப் விசையைத் தட்டித் தட்டி, எண்ணி, மனப்பாடம் செய்துவிட்டார். பதினோராவது தட்டில் அமுக்கத்தின் அளவு. போன வாரம் அந்தக் கம்பெனி புதிய பதிப்பை அனுப்பியது. பதினொன்று வேறு ஏதோ ஆகிப்போனது.

"அம்மன் பாட்டக் கேட்டுட்டு ஸ்டூடியோ முதலாளி, பாடுத புள்ள கழுத்த யாரு நெரிச்சான்னு கேக்காரு" என்றார் திருமேனி. "இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணி அனுப்பணும். பக்கத்துல ஆளு உக்காந்து பாத்துச் சொல்லப்படாது. இல்லன்னா என் நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். முப்பத்தோரு வருஷம் உக்காந்த நாற்காலி டீச்சர்."

கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மறுபடியும் எண்ணிட்டேன். இப்ப பதினாலு. நாளைக்கு அவன் திரும்ப மாத்தினா என்ன செய்ய? அதான் கேக்கேன். மாறாதது எது?"

ஜெசிந்தா கையை நீட்டினாள்.

"பாட்டு இருக்குத பென் டிரைவ இப்படித் தாங்க. மத்தியானம் சொல்லுதேன், மூணாம் நாற்காலி."

"என்னது?"

"நீங்க மூணாம் நாற்காலிதான?"

அன்று முழுக்க அப்படித்தான் கூப்பிட்டாள். மூணாம் நாற்காலி, காப்பி வந்திருக்கு. மூணாம் நாற்காலி, ஃபேனக் கொஞ்சம் கூட்டுங்க. திருமேனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டீச்சராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

சர்க்கரைக்காரர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது, நாற்காலியில் யாரோ உட்கார்ந்து எழுந்துபோன சூடு இருந்தது.

"டீச்சர், என் பென் டிரைவு?"

"குடுத்தாச்சே."

"யாருகிட்ட?"

"மூணாம் நாற்காலிகிட்ட."

"நான்தான மூணாம் நாற்காலி!"

"காலையில நீங்க. மத்தியானம் அதுல சகாயம் உக்காந்திருந்தாரு. கையில குடுத்தேன். சட்டப்பையில போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு."

சகாயம் தபேலாக்காரர், அதே வகுப்பில் படிப்பவர். மணி இரண்டரை. பாட்டின் இன்னொரு பிரதி திருமேனியின் வீட்டில் இருந்தது. வீடு ஒரு மணி நேரப் பயணத்தில், அம்பாசமுத்திரத்தில் இருந்தது. திருமேனி கம்பைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். எதிரே டீக்கடையில் ஒரே கூச்சல்.

"ஏல சகாயம்!"

"இந்தா வாரேன் அண்ணாச்சி" என்று கூச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது. பின்னாலேயே ஆளும் வந்தார்.

டிரைவை வாங்கிக்கொண்டு உள்ளே வந்த திருமேனி கத்தினார்.

"என்ன டீச்சர் வெளையாட்டு இது? எம் பொழப்பே இதுலதான் இருக்கு!"

"கடையில எத்தன பேரு இருந்தாக?"

"இருவது பேரு இருப்பாக."

"சகாயம் எத்தனாவது ஆளு?"

"அத எதுக்கு நான் எண்ணணும்? பேரச் சொன்னேன், வந்துட்டான்."

சொல்லிவிட்டு, "பேரு, பேரு" என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தார்.

பிறகு கணினி முன் உட்கார்ந்து, தன்னிடமிருந்த பன்னிரண்டு பிளக்-இன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து டேப் தட்டினார். பெயர் சொல்லாமல் "பட்டன், பட்டன்" என்றவற்றை மூடினார். ஏழு போயிற்று. உயிராக வைத்திருந்ததும் அதில் போயிற்று. அதை மூடும்போது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கடைசியாக, மென்பொருளோடு சும்மா வந்த ஒரு கம்ப்ரஸர். படம் கிடையாது, பளபளப்பு கிடையாது. "மொட்டத்தலை" என்று அதை வருஷக்கணக்கில் நக்கலடித்தவர் அவர். டேப் தட்டினார்.

"திரெஷோல்டு, மைனஸ் எய்ட்டீன்" என்றது, அமுக்கம் எங்கே தொடங்கும் என்பதை. இன்னொரு தட்டு. "ரேஷியோ, ஃபோர்." அவர் எண்ணித் தேடிய அமுக்கத்தின் அளவு அதுதான்.

"ஏ அப்பா, என்னா மரியாத! பேரச் சொல்லுதே!" என்று திருமேனி சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. காது அவருடையது, முப்பத்தோரு வருஷத்துக் காது. கொஞ்சம் கொஞ்சமாக அம்மன் பாட்டுப் பெண்ணின் குரல் மூச்சுவிட்டது.

நாலே முக்காலுக்குப் பாட்டு போனது. அஞ்சேகாலுக்கு முதலாளி ஃபோன் செய்தார்.

"யாரு பக்கத்துல இருந்து பாத்துச் சொன்னா?"

"ஒருத்தருமில்ல."

ஃபோனில் முதலாளி பாட்டை இன்னொரு தடவை ஓடவிடும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு வந்து உக்காருங்க" என்றார்.

திருமேனி எழுந்து நின்றார். சந்தோஷத்தில் கம்பை எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோயிற்று.

"டீச்சர், என் நாற்காலி எனக்கே கெடச்சிருச்சு!"

"எத்தனாவது நாற்காலி, திருமேனி அண்ணாச்சி?" என்றாள் ஜெசிந்தா.