வாய் திறக்காத தெர்மாமீட்டர்

பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்த ஒரு வாடகை வீட்டில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒருவர் தெர்மாமீட்டர். கறாரான ஆசாமி, எண்ணைத் தவிர வேறு பேச்சு வராது. இன்னொருத்தி காய்ச்சல் சிரப். ரோஸ் நிறம், தித்திப்புப் பேச்சு, யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குக் காய்ச்சல் வந்தான். வரும்போதே சளியையும் இருமலையும் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டாம் வகுப்பு படிக்கும் தாரணியின் உடம்பில் சட்டமாக உட்கார்ந்துகொண்டான். அங்கேயே தங்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. தாரணியின் வகுப்பில் மொத்தம் முப்பத்தேழு பிள்ளைகள். அவள் பெஞ்சிலேயே, தோளோடு தோள் உரச, சபரி என்றொரு பையன் உட்காருவான். லேசாகச் சளி பிடித்தாலே நெஞ்சு இழுக்கிற பிள்ளை. போன வருடம் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். காய்ச்சலுக்கு அவன் மேல்தான் கண்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் தாரணியின் அம்மா ரேணுகா மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. அவள் தையல் வேலை செய்யும் கம்பெனியில் அவசர ஆர்டர். லீவு கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைக் காட்டுவார். மகளோ, இந்த வருடம் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை, போயே தீருவேன் என்று முனகினாள். ரேணுகா பெரும்பாலான தாய்மார் செய்வதையே செய்தாள். சிரப்பை அளந்து ஊற்றிக் கொடுத்தாள்.

காய்ச்சல் கொஞ்சமும் பதறவில்லை. சிரப்பிடம் குசுகுசுவென்று பேரம் பேசினான். சில மணி நேரம் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறேன், நீ நல்ல பேர் வாங்கிக்கொள் என்றான். படுத்தபடியே பள்ளிக்கூட வேனில் போய்விடுவானாம். பிள்ளைகள் ஒருவர் டிபன் பாக்ஸில் ஒருவர் கையை விடுகிற மத்தியான நேரத்தில் எழுந்துகொள்வானாம். சிரப் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டாள்.

ஏழரை மணிக்குத் தாரணிக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு இட்லி தின்றாள். யூனிபார்மைத் தானே மாட்டிக்கொண்டாள். ரேணுகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தெர்மாமீட்டரை எடுத்து மகளின் அக்குளில் வைத்தாள்.

தெர்மாமீட்டருக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. ஆடி மாதத்தில் இதே மாதிரி, சிரப் கொடுத்த பிறகுதான் அவரைக் கேட்டார்கள். தொண்ணூற்றெட்டு என்று உள்ளதைச் சொன்னார். தாரணி பள்ளிக்கூடம் போனாள். அந்த வாரமே அதே வேனில் போன பதினொரு பிள்ளைகள் வரிசையாகப் படுத்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தொண்ணூற்றெட்டு அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

அதனால் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று, பீப் சத்தமே இல்லை. தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. ரேணுகா அவரைத் தட்டினாள், உதறினாள், பேட்டரி தீந்துருச்சாட்ட இருக்குது என்று அலுத்துக்கொண்டாள்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குதுங்க," என்றார் தெர்மாமீட்டர். "நீங்க கேக்கற நேரந்தான் சரியில்லீங்க. மொதல்ல இந்தச் சிரப்பைக் கேளுங்க. காச்சலை வெரட்டுனாளா, தூங்க வெச்சாளான்னு."

ரேணுகா சிரப்பைப் பார்த்தாள். சிரப்பின் முகம் சுண்டிப்போயிற்று. மழுப்பப் பார்த்தாள், முடியவில்லை.

"தூங்கத்தாங்க வெச்சிருக்கறேன்," என்றாள். "மத்தியானம் முழிச்சுக்குவான். புள்ள அவதிப்படாம கெடக்கட்டும்னு குடுக்கற மருந்துங்க நானு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பற சீட்டு இல்லீங்க."

மூலையில் கிடந்த காய்ச்சல் ஒரு கண்ணைத் திறந்தான். சூப்பர்வைசரை நினைவுபடுத்தினான், அவசர ஆர்டரை நினைவுபடுத்தினான், ஒரே ஒரு நாள்தானே என்று கெஞ்சினான். ரேணுகாவுக்கோ வேறு ஒரு நினைவு வந்துவிட்டது. சபரியின் அம்மா வசந்தி, கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து மிஷின்காரி. போன வருடம் அந்த ஒன்பது நாளில் வசந்தியின் கழுத்து எலும்பு தெரிந்ததை இவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

வாசலுக்குப் போய் டிரைவரிடம் சொன்னாள்: "இன்னிக்குப் பாப்பா வரலீங்கண்ணா. காச்சல் அடிக்குது, மத்த புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். நீங்க கெளம்புங்க."

வேன் கிளம்பிய சத்தத்தில் காய்ச்சல் துள்ளி எழுந்தான். அவனுடைய வண்டி போய்விட்டது. தாரணி அழுதாள், அழுத களைப்பில் தூங்கியும் போனாள். சூப்பர்வைசர் போனில் மூஞ்சியைக் காட்டத்தான் செய்தார். விஷயம் தெரிந்த வசந்தி, ரேணுகாவின் பங்கையும் நானே தைக்கிறேன், நீங்க சும்மா இருங்க என்று அவர் வாயை அடைத்தாள்.

சொன்னபடி மத்தியானம் காய்ச்சல் முழுசாக எழுந்தான். டிபன் பாக்ஸ்கள் எங்கே என்று தேடினான். கிடைத்ததெல்லாம் அரிசிக் கஞ்சியும் ஈரத்துணியும் மூடிய போர்வையும்தான். ரேணுகா மேல் தாவலாம் என்று பார்த்தால், அவள் மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மறைத்திருந்தாள். போக்கிடம் இல்லாத காய்ச்சல் சோர்ந்துதான் போவான். சாயங்காலம் சிரப் இன்னொரு முறை அவனைப் படுக்க வைத்தாள். இந்தத் தடவை பேரம் எதுவும் பேசவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அவன் வீட்டைக் காலி செய்தான்.

வியாழக்கிழமை காலை, சிரப் கொடுக்காமலே, தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு என்றார். உடனே பையைத் தூக்கிய தாரணியைத் தடுத்து, மருந்தில்லாமல் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இப்படியே இருக்கட்டும் என்று கறாராகச் சொன்னார். அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை சளி மட்டும் மூக்கு நுனியில் மிச்சமிருந்தான். ரேணுகா பயந்துபோய், இன்னிக்கும் வீட்டுலயே இருந்துக்கட்டுமா என்று கேட்டாள்.

தெர்மாமீட்டர் முதல்முறையாகச் சிரித்தார். "மூச்சு எளைக்கல, இருமலும் அடங்கிருச்சு, ரெண்டு தோசை தின்னுட்டுக் குதிக்கறா. இந்தச் சளிக்கெல்லாம் லீவு போட்டா வருசம் பூரா லீவுதானுங்க. கர்ச்சீப் குடுத்து அனுப்புங்க."

தாரணி ராணி மாதிரி வேனில் ஏறிப் போனாள். வகுப்பில் டீச்சர் பெயர் கூப்பிட்டார். "உள்ளேன் டீச்சர்" என்று ஒவ்வொரு குரலாக எழுந்தது. சபரியின் குரல் நெஞ்சில் ஒரு கரகரப்பும் இல்லாமல் கணீரென்று கேட்டது. முப்பத்தேழு பேரும் இருந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் வருகைப் பதிவேட்டில் விழுந்த ஆப்சென்ட் இரண்டே இரண்டு. இரண்டும் தாரணியுடையவை, மற்ற முப்பத்தாறு பேரும் வந்தது அந்த இரண்டால்தான்.