வளையம் வராத தீயணைப்பான்

ஒரு பரிசு, அதற்கு மூன்று பேர். தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேதவல்லிக்கோ தலையே வெடித்துவிடும் போலிருந்தது. நீங்களாவது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வேதவல்லி அதன் சங்கச் செயலாளர். போன மாதம் அவள் வீட்டு அடுக்களையில்தான் எரிவாயுக் குழாய் பற்றிக்கொண்டது. எதிர்வீட்டு சிவசாமி மாடிப்படியில் தொங்கிய தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு கையால் அதன் கைப்பிடியை இறுகப் பிடித்து, அதன் குழாயைத் தீயின் அடிப்பக்கம் நீட்டி, மறுகையால் கைப்பிடியைப் பூட்டியிருக்கும் வளையத்தை இழுத்தார். இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். வளையம் அசையவில்லை. கடைசியில் வேதவல்லியே ஈரச் சாக்கைப் போட்டுத் தீயை அமுக்கினாள். முழங்கை வரை வெந்துபோனது. ஆறு மாடிக்கும் தீயணைப்பான் மாட்டிவைத்து என்ன புண்ணியம்? அடுத்த முறை யார் வீட்டில் பற்றினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கை ஓட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதைச் சொல்லித்தர ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் பேச்சுப் போட்டி வைக்கலாம் என்றது சங்கம். நம்மவர்களுக்கு எதற்கும் ஒரு மேடை வேண்டும். சரி தொலையட்டும் என்று ஒப்புக்கொண்டு அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்ட வேதவல்லி, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “கைதட்டலுக்கு மார்க் கிடையாது. பேச்செல்லாம் முடிஞ்சதும் சிவசாமி சார் மொட்டைமாடியில தீயை அணைக்கணும். யார் பேச்சைக் கேட்டு அவர் அணைக்கிறாரோ, அவங்களுக்குத்தான் பரிசு. மாசாமாசம் வகுப்பும் அவங்கதான் எடுக்கணும்.”

முதலில் ஓய்வுபெற்ற பேராசிரியர் அரங்கராசன். “ரெண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்” என்றார். வேதவல்லி அப்போதே கடிகாரத்தைப் பார்த்தாள். தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே என்று தொடங்கி, மின்தூக்கியைப் பழுதுபார்க்கும் குழுவினர் அவர்களே வரை வந்து சேர்வதற்குள் பாதி நேரம் போயிற்று. மீதி நேரத்தில் கற்பின் தீ, பசித் தீ, அறிவுத் தீ எல்லாம் எரிந்தன. அணைக்கிற தீ மட்டும் வரவில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அடுத்து கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகிழினி. படம் போட்டுக் காட்டினாள். வளையத்தை இழுக்க வேண்டும், குழாயைத் தீயின் அடியில் காட்ட வேண்டும், பிறகு கைப்பிடியை அழுத்த வேண்டும், இடமும் வலமுமாக வீச வேண்டும். ஒரு பிழை இல்லை, ஒரு சொல் கூடுதல் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். சிவசாமியும் ஆட்டினார்.

மூன்றாவது, லாரி அலுவலகம் வைத்திருக்கும் புஷ்பராஜ். நிஜத் தீயணைப்பானையே தூக்கிக்கொண்டு மேடையேறினார். “கைப்பிடிய நல்லா அமுக்கிப் புடிச்சுக்கணும். அப்படியே வளையத்த இழுக்கணும்” என்று இழுத்தார். வரவில்லை. முகம் சிவக்க மறுபடி இழுத்தார். கூட்டம் சிரித்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டாம் மாடி குல்சும், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், போட்டிக்குப் பெயர் கொடுக்காதவள். “அண்ணே, கைப்பிடிய அமுக்குனா வளையம் இறுகிக்கும். கீழ வச்சிட்டு, கைய எடுத்துட்டு இழுங்க.”

புஷ்பராஜ் கீழே வைத்துவிட்டு இழுத்தார். வளையம் கையோடு வந்தது.

மொட்டைமாடியில் தகரத் தட்டில் பழைய துணியைக் கொளுத்தினார்கள். சிவசாமி புதுத் தீயணைப்பானைத் தரையில் வைத்தார், கையை எடுத்தார், வளையத்தை உருவினார். தூக்கி, அடிப்பக்கம் காட்டி அழுத்தி, இரண்டு வீச்சு வீசினார். தீ அணைந்தது. வேதவல்லி பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

“நான் சொன்ன வரிசையிலதானே ஆன்ட்டி செஞ்சார்?” என்றாள் மகிழினி.

“நான் தப்பாச் செய்யலேன்னா இந்த விஷயமே வெளிய வந்திருக்காதும்மா. என் மானம் போனதுக்கு ஒரு விலை வேணாமா?” என்றார் புஷ்பராஜ்.

இரண்டாம் மாடிக்காரர்கள் எல்லோரும் குல்சுமுக்காகக் கொடி பிடித்தார்கள். போட்டியிலேயே இல்லாதவளுக்குப் பரிசா என்று மற்ற மாடிக்காரர்கள் பாய்ந்தார்கள். நடுவில் பேராசிரியர் வேறு, தமக்கு விழுந்த கைதட்டலை யாராவது கணக்கில் எடுத்தார்களா என்று விசாரித்தார்.

வேதவல்லி போட்ட நிபந்தனைப்படி பரிசு யாருக்குச் சேர வேண்டும்? சரியாகப் பேசிய மகிழினிக்கா, தவறிக் காட்டிய புஷ்பராஜுக்கா, குறுக்கே பேசிய குல்சுமுக்கா?

விடை: குல்சுமுக்கு. குழாயை எங்கே நீட்டுவது என்பது சிவசாமிக்குத் தீப்பிடித்த அன்றே தெரியும். மகிழினி அவருக்குத் தெரிந்ததையே அழகாகச் சொன்னாள்; வளையத்தை இழுக்கும்போது கைப்பிடியில் கை இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. புஷ்பராஜ் செய்தது சிவசாமி முன்பே செய்த தவறு. அவருக்குத் தெரியாதிருந்தது ஒன்றே ஒன்று, அதைச் சொன்னவள் ஒருத்திதான். நிபந்தனையோ யார் பேச்சைக் கேட்டு என்பது. பெயர் கொடுத்தவர் பேச்சு என்று அதில் இல்லை. பரிசைக் கொடுக்கும்போது வேதவல்லிக்கு ஆவல் தாங்கவில்லை. “உனக்கு இது எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். தீப்பிடித்த அன்று எல்லோரும் கலைந்த பிறகு, வளையம் ஏன் வரவில்லை என்று தானே இழுத்துப் பார்த்ததாகச் சொன்னாள் குல்சும். “ஒரு மாசமாத் தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?” குல்சும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “நல்லாப் பேசத் தெரிஞ்சவங்க மட்டும் வாங்கன்னு நீங்கதானேக்கா எழுதிப் போட்டிருந்தீங்க.”