போட்டி இல்லாத இடம்

எங்கள் ஊர் வணிகர் சங்கத்தில், புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்று உண்டு. காளான் வண்டிக்காரி பழனாத்தாளுக்கு வாய்த்த வழிகாட்டி, பலகாரக் கடை முதலாளி சென்னியப்பன். மசாலாப் பக்குவத்தை அவளிடம் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு போனவர், மறுவாரமே அவள் தெருவில் காளான் கடை திறந்துவிட்டார்.

ஆண்டு விழாவன்று அவளைத் தனியே கூப்பிட்டார். "மேடையில என்னைப் புகழ்ந்து மட்டும் பேசு. குறைன்னு ஒரு வார்த்தை வந்துது, சங்கம் ஒதுக்கற பஸ் ஸ்டாண்டு இடம் உனக்கில்ல."

அவள் மைக்கைப் பிடித்தாள். "ஐயா தங்கமான வழிகாட்டிங்க. போட்டி இல்லாத இடமாப் பாத்துக் கடை போடும்மான்னு சொல்லிக் குடுத்தாருங்க. சத்தியமான வார்த்தைங்க. ஐயா வர்றதுக்கு முன்னாடி எங்க தெரு அப்படித்தானுங்க இருந்துச்சு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சென்னியப்பனும் சிரிக்க வேண்டியதாயிற்று.

பஸ் ஸ்டாண்டு இடம் அவர் மச்சானுக்குப் போயிற்று. அதை அறிவித்தபோது கை தட்டியதும் அதே கூட்டம்தான்.