கழுத்தில் கோடு விழுந்த காசு

ஈரோட்டு நாணயக் கண்காட்சியில் பழங்காசு வியாபாரி நாச்சிமுத்து வைத்ததுதான் சட்டம். அங்கே டீ விற்ற துளசிமணி, தன் கல்லாவில் விழுந்த இரண்டு ரூபாய்க் காசை அவரிடம் காட்டினாள். சிங்கத்தின் கழுத்தில் மேடாக ஒரு கோடு!

"காசு அடிக்கிற அச்சு விரிசல் விட்டா இப்படிக் கோடு விழுமாமுங்களே? அதுக்கு நல்ல விலையாமுங்களே?"

"விரிசலாவது ஒண்ணாவது! வெறும் கீறல். பத்து ரூபாய்க்கு மேல பெறாது. வெச்சுட்டுப் போ."

"அதையே எழுதிக் குடுத்துருங்க. எங்க வூட்டுக்காரர் நம்ப மாட்டாருங்க."

கூட்டமே பார்க்க, நாச்சிமுத்து ஜம்பமாக எழுதி முத்திரையும் குத்தினார்: 'சிங்கத்தின் கழுத்தில் கோடு விழுந்த காசின் விலை பத்து ரூபாய்.'

சீட்டை வாங்கிய துளசிமணி காசைக் கொடுக்கவில்லை. நேரே அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள். காலையிலிருந்து டீ கொடுக்க வரும்போதெல்லாம் பார்த்து வைத்திருந்தாள். உள்ளே அதே சிங்கம், அதே கோடு, நாலு காசு! ஒவ்வொன்றும் எட்டாயிரம்!

பத்து ரூபாய் நோட்டை நீட்டினாள். "ஒண்ணு குடுங்க. உங்க கையெழுத்துதானுங்களே?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. அவள் பின்னால் ஆளுக்கொரு பத்து ரூபாயோடு வரிசையே நின்றுவிட்டது!

நாச்சிமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. "தாயே, அந்தச் சீட்டைக் குடுத்துரும்மா!"

"தாராளமாங்க. காசுதான் பத்து ரூபா. சீட்டு எட்டாயிரமுங்க."