ஆயிரத்தொன்பது இலைகள்

வீரர்களின் குழம்பில் பருப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் கூடாரத்தில் நெய்ச்சோறு சாப்பிடுகிறவர் தளபதி செண்பகராயர். ஒருநாள் சமையற்காரன் குப்பாண்டியைக் கூப்பிட்டார்.

"ராஜா பந்தி பார்க்க வருகிறார். ஆயிரத்தொன்பது வீரர்களும் பல வரிசையாக, சமமாக உட்காரணும். ஓர் ஆள் மிஞ்சினாலும், ஓர் இலை காலியாகக் கிடந்தாலும் உனக்கு வேலை போச்சு."

குப்பாண்டி புளியங்கொட்டைகளை அடுக்கிப் பார்த்தான். மும்மூன்றாக, ஏழேழாக, எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழுந்தது.

ராஜா வந்ததும் கும்பிட்டான். "இந்த எண்ணை யாராலும் சமமாகப் பிரிக்க முடியாது, மகாராஜா. இன்னும் ஒருவர் உட்கார்ந்தால் வரிசைக்கு நூற்றொன்றாகப் பத்து வரிசை வரும். தளபதி ஐயா இன்னும் சாப்பிடவில்லை."

ராஜா தலையசைத்தார். தளபதி பத்தாவது வரிசையில் சம்மணமிட்டார். ஊற்றிய குழம்பு இலையைவிட்டு ஓடியது. இரு கையாலும் அணைபோட்டார்.

மறுநாள் குழம்பில் பருப்பு தெரிந்தது.