பெயர் ஒட்டாத கேசட்

ஹூஸ்டன் நகரத்தில் ஓடெல் என்றொரு ராப் பாடகர் இருந்தார். அமெரிக்காவின் தெற்கத்தி ஆள். வார்த்தையை இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல் பாடுவார். இளவயதில் நியூயார்க் மேடையில் அந்த இழுவைக்காகவே கேலி செய்து இறக்கிவிட்டார்கள். மனுஷர் அசரவே இல்லை என்றுதான் ஊர் சொல்லும். திரும்பி வந்து, கார் டிக்கியில் கேசட்டை அடுக்கிக்கொண்டு பெட்ரோல் பங்க், சலூன் என்று ஏறி இறங்கி விற்றார். இன்றைக்கு அதே நியூயார்க் பிள்ளைகள் அவரைப் போல இழுத்துப் பாடப் படாதபாடு படுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

அவரிடம் பாட்டுக் கற்றவள் ரெனிடா. பஸ் ஓட்டுகிறவள். பதினோரு வருடமாக எழுதித் தள்ளியும் ஒரு ஆல்பம்கூட வெளிவரவில்லை. இப்போதுதான் ஒரு நியூயார்க் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. ஒரே நிபந்தனை, தெற்கத்தி இழுவை இருக்கக் கூடாது. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஊரில் குருவே என்றெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை. மாஸ்டர் என்பாள்.

"மாஸ்டர், நான் என்ன செய்யட்டும்?"

"அவங்க கேட்ட மாதிரி பாடிப் பார்த்தியா?"

"பார்த்தேன். சுத்தமா வருது."

"அப்புறம் என்ன?"

"மனசு ஒப்பலை. வேண்டாம்னு சொல்லவும் பயமா இருக்கு. முப்பத்தாறு வயசாச்சு, இன்னொருத்தன் வந்து கூப்பிடுவானா? உங்களுக்கென்ன, மாத்த மாட்டேன்னு நின்னு ஜெயிச்சிட்டீங்க."

ஓடெல் சிரித்தார். "வண்டியை எடு."

ஹூஸ்டனில் ஒரு பாட்டு தேறுமா தேறாதா என்று ஸ்டுடியோவில் யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். காரில் போட்டு ஒரு சுற்று போய் வந்துதான் சொல்வார்கள். பெயர் ஒட்டாத ஒரு கேசட்டை எடுத்து ஓடெல் போட்டார். ரெனிடா ஓட்டினாள்.

குரல் விறுவிறுவென்று போனது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது.

"எப்படி?"

"குறையே சொல்ல முடியாது. தாளம் ஒரு இடத்துலகூடப் பிசகலை. நியூயார்க் ஆளா?"

"இல்லை."

"நம்ம ஊரா?"

ஆமாம் என்று அவர் தலையசைத்தார். ஊரில் பாடுகிற அத்தனை பேரையும் அவளுக்குத் தெரியும். ஓடெலின் பாட்டுகளோ முழுக்க மனப்பாடம். கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு இன்னொரு தரம் கேட்டாள். பிடிபடவில்லை.

"தோத்துட்டேன் மாஸ்டர். யாரு பாடினது?"

ஓடெல் கேசட்டை வெளியே எடுத்தார்.

"நியூயார்க்ல இருந்து திரும்பி வந்த வாரம் நான்தான் பாடினேன். எங்கம்மாவும் இதையேதான் கேட்டாங்க."