அல்வாக்காரர் கேக் பாப் கற்ற கதை

பாளையங்கோட்டையில் ஜெபராணி டீச்சருக்கு வீட்டு அடுக்களைதான் பள்ளிக்கூடம். கேக் செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள், இல்லையென்றால் புதிதாகக் கல்யாணமானவர்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டியவர் அல்வாக் கடை இசக்கியப்பன்.

சாயங்காலமானால் அவர் கடை முன்னால் கூட்டம் நிற்கும். அப்படிப்பட்டவர் இன்னொருவரிடம் இனிப்புச் செய்யக் கற்க வந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். டீச்சருக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் சிரிக்கவில்லை.

"என்ன கத்துக்கணும் அண்ணாச்சி?"

"குச்சில குத்தி வச்சிருப்பாங்கல்லா, உருண்டையா, கேக்கு."

"கேக் பாப்."

"அதேதான். நாளைக்கு எம் மக பொறந்தநாளு."

'எம் மக' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது.

கல்யாணமே வேண்டாம் என்று நாற்பது வயதைத் தாண்டியவர் இசக்கியப்பன். கணவனை இழந்த செண்பகத்தைப் போன தை மாதம் கட்டிக்கொண்டார். செண்பகத்தோடு அவள் மகள் அகல்யாவும் வந்தாள். ஒரே நாளில் மனைவியும் மகளும் கிடைத்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அகல்யாவோ இன்றுவரை அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் அம்மா வழியாகத்தான். "அம்மா, அவங்கள டிவி சத்தத்தக் குறைக்கச் சொல்லு" என்பாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

"கேக் பாப் வேணும்னுகூட அவ அம்மாட்டதான் சொன்னா. கடையில வாங்காத, நானே செஞ்சு தாரேன்னு செண்பகத்துட்டச் சொல்லிட்டேன். இதச் செஞ்சு குடுத்தாலாவது எங்கிட்ட ஒரு வார்த்த பேசுவாளான்னு பாக்கேன்."

"கையக் கழுவிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

சுட்டு ஆறவைத்த கேக்கை ஒரு தட்டில் வைத்து, உதிர்க்கச் சொன்னார். உதிர்த்த தூளில் கொஞ்சம் கிரீம் விட்டுப் பிசையச் சொன்னார். பிசைவதும் உருட்டுவதும் இசக்கியப்பனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உருண்டைகள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி வந்தன. ஒவ்வொரு குச்சியின் நுனியையும் சாக்லேட்டில் தொட்டு, உருண்டையில் செருகி, தெர்மாகோல் பலகையில் நட்டு, ஃபிரிட்ஜில் வைத்தார்கள்.

உருண்டைகள் நன்றாகக் குளிர்ந்து இறுகின. இசக்கியப்பன் ஒன்றை எடுத்து, அடுப்பில் வெந்நீருக்கு மேல் கிண்ணத்தில் உருகிக்கொண்டிருந்த சாக்லேட்டில் ஒரே முக்காக முக்கினார். பளபளவென்று வந்தது. அவர் முகமும் அப்படியே ஆனது.

அது கொஞ்ச நேரம்தான். மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது.

இன்னொன்றை முக்கினார். அதுவும் விரிந்தது.

"சூடு பத்தல" என்று அடுப்பைக் கூட்டினார். அடுத்தது இன்னும் பெரிதாக விரிந்தது.

"டீச்சர், இந்த சாக்லேட்டு சரியில்ல."

டீச்சர் விரிந்த ஒன்றை எடுத்துக் கடித்தார். "ருசி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"ருசி இருந்து என்ன? இதக் கொண்டுபோயி அவ முன்னால எப்படி வைக்க?" மனிதருக்கு முகம் வாடிவிட்டது. "எங்க தொழில்ல சூடுதான் எல்லாம். சட்டிலருந்து எடுத்த சூட்டோட எலையில வச்சுக் குடுக்கணும். ஆறிட்டா என்ன இருக்கு அதுல? வீட்டுக்கும் அப்படித்தான் கொண்டு போறேன். கடையில கூட்டம் நிக்கும். போட்டது போட்டபடி விட்டுட்டு, பொட்டலத்தத் தூக்கிட்டு ஓடுவேன்."

"யாருக்கு?"

"அகல்யாவுக்குத்தான். சூடா அவ முன்னால பிரிச்சு வச்சி, பக்கத்துலயே உக்காந்துக்குவேன். சாப்பிடும்மா, ஆறிடும்மா, ஒரு வாய்ம்மான்னு கெஞ்சாத கொறதான். தொட மாட்டுக்கா. எந்திரிச்சு ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிடுதா."

"அப்புறம் அந்த அல்வா?"

"ஃபிரிட்ஜுல எடுத்து வைப்பேன். காலையில பாத்தா இருக்காது. செண்பகம் யாருக்காவது குடுத்துருப்பா. அதக் கேக்கவும் எனக்கு மனசு வரல." விரிந்த உருண்டைகளை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்: "இன்னும் நான் என்ன செய்யணும் டீச்சர்? சொல்லுங்க. எதுன்னாலும் செய்யுதேன்."

டீச்சர் அடுப்பை அணைத்தார். சாக்லேட் கிண்ணத்தை இறக்கி மேசையில் வைத்தார். ஃபிரிட்ஜைத் திறந்து, மிச்ச உருண்டைகளைப் பலகையோடு எடுத்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"டீ குடிப்போம்" என்றார்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

டீ வந்தது. இசக்கியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண் மேசையிலேயே இருந்தது.

"உருண்ட இளகிடாதா டீச்சர்?"

"கொஞ்சம் இளகட்டும்."

"சாக்லேட்டு ஆறிடுமே!"

"அதுவும் கொஞ்சம் ஆறட்டும்."

"எம்புட்டு நேரம்?"

"டீ நல்லா இருக்கா?"

குடித்துத்தான் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

டம்ளரை வைத்ததும் டீச்சர் சொன்னார்: "இப்ப ரெண்டையும் தொட்டுப் பாருங்க."

தொட்டார். உருண்டையின் சில்லிப்பு குறைந்திருந்தது. கிண்ணம் கையைச் சுடவில்லை. மெதுவாக ஒன்றை முக்கி எடுத்து, குச்சியைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி, பலகையில் நட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். விரிசல் விழவில்லை. அடுத்ததிலும் விழவில்லை.

பிறகு சாக்லேட் இறுகுவதற்குள் சீனி மணிகளால் கண் வைத்தார்கள், சிவப்புக் கிரீமால் வாய் வரைந்தார்கள். அல்வாத் துடுப்பைப் பிடித்துப் பழகிய கை, சின்ன வேலைக்கு வளையவில்லை. ஒரு முகத்துக்குக் கண் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் போய்விட்டது. அதை எடுத்துவிடப் போனார்.

"இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

திங்கட்கிழமை காலை மறுபடி கதவு தட்டப்பட்டது. இசக்கியப்பன் உள்ளே வந்து, சொல்லாமலே கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"பிள்ளைங்கல்லாம் வந்துச்சுங்க. பலகைய மேசையில வச்சேன். சாப்பிடும்மான்னு வாய் வரைக்கும் வந்துட்டு. முழுங்கிக்கிட்டு, ஒரு டீயப் போட்டு எடுத்துட்டுப் பால்கனிக்குப் போயிட்டேன்."

"நல்லது."

"எல்லாரும் போன பெறவு, அகல்யா அந்த மாறுகண்ணு உருண்டைய எடுத்துக்கிட்டு பால்கனிக்கு வந்தா. 'இதுக்குக் கண்ணு நீங்களா வச்சீங்க?'ன்னு கேட்டா. எங்கிட்ட டீச்சர்! நேரா எங்கிட்ட! ஆமாம்மான்னேன். சிரிச்சா."

டீச்சரும் சிரித்தார்.

"அதோட முடியல. உள்ள போனவ, அன்னைக்கு நான் கொண்டாந்து வச்ச அல்வாப் பொட்டலத்த ஃபிரிட்ஜுலருந்து எடுத்துட்டு வந்தா. என் பக்கத்து நாக்காலியில உக்காந்து, அந்தச் சில்லுன்னு இருக்கத நகத்தால கிள்ளிக் கிள்ளித் தின்னா. 'ஆறினாத்தான் எனக்குப் பிடிக்கும்'னா. அம்புட்டு நாளும் அவதான் தின்னுருக்கா டீச்சர். நான் தூங்கின பெறவு."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அல்வா விற்கிற இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை இவ்வளவு சந்தோஷமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராகக் கவலையோடு நிமிர்ந்தார்.

"டீச்சர், இன்னைக்குச் சாயங்காலம் அல்வாவ எப்படிக் கொண்டு போக? கடையிலயே ஆற வச்சிட்டுக் கொண்டு போகட்டுமா?"

"வேண்டாம். எப்பவும் போல சூடாவே கொண்டு போங்க."

"கொண்டு போயி?"

"வச்சிட்டு, டீ குடிங்க அண்ணாச்சி."